சம்பளம் வந்த கோடை

"அவங்க உனக்குத் தருவாங்களா, நீ அவங்களுக்குத் தரணுமா?"

இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது என்று ஃபோனில் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். எங்கே, எதற்கு, யாரோடு என்று எதுவும் கேட்கவில்லை. கேட்டதில் தப்பும் இல்லை. எங்கள் தெருவில் இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருவன் அதற்கு முந்தைய வருஷம்தான் நாலாயிரம் ரூபாய் கட்டி, ஒரு நாள்கூட எங்கேயும் போகாமல், 'ஒரு மாதப் பயிற்சியைச் சிறப்பாக முடித்தார்' என்று சான்றிதழ் வாங்கி வந்திருந்தான். இன்டர்ன்ஷிப் என்றால் நாம் கட்டுவது என்றுதான் தெருவுக்கே தெரியும்.

"அவங்கதான்பா தருவாங்க. மாசம் பன்னெண்டாயிரம். ரெண்டு மாசம்."

கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "சரி, போய்ட்டு வா."

2023 ஏப்ரல் அது. சென்னையில் எம்.ஏ. பொருளாதாரம் முதல் வருஷம் முடிகிற நேரம். ஊர் ஆரணிப் பக்கம். வீட்டில் ஒரு குழித்தறி, பட்டுச் சேலை. தறியில் உட்காருவது அப்பா. தார் சுற்றுவது, தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலான பாவு வந்தால் கூட நின்று இழை பிணைப்பது எல்லாம் அம்மாவும் நானும். கல்லூரி விடுமுறை விட்டால் வீட்டுக்கு ஒரு ஆள் கூடுதல் என்று அர்த்தம். அந்த ஆளை ரெண்டு மாசம் வெளியே அனுப்பினால் அதற்கு ஈடாக ஏதாவது உள்ளே வர வேண்டும். சம்பளம் இல்லாமல் 'அனுபவத்துக்காக' ஒரு இடம் கிடைத்திருந்தால் நான் வீட்டில் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். அப்பா மறுத்துவிடுவார் என்ற பயத்தில் இல்லை. சரி என்று சொல்லிவிடுவார் என்ற பயத்தில்.

இப்போது ஜூனியர்கள் யாராவது மாசத்துக்கு ஒருவராவது ஃபோன் பண்ணி, "அக்கா, பாலிசி ரிசர்ச்ல இன்டர்ன்ஷிப் எப்படி வாங்கறது?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். எப்படி வாங்குவது என்பதைவிட வாங்கிய பிறகு என்ன ஆனது என்பதுதான் அதிகம் இருக்கும், மன்னிக்கவும்.

நான் தேடியபோது கண்ணில் பட்டவை கொஞ்சம்தான். மத்திய அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்லும் நிதி ஆயோக்கின் இன்டர்ன்ஷிப் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அதில் உதவித்தொகை கிடையாது; டெல்லியில் தங்குவதும் சாப்பிடுவதும் நம் பாடு. ரிசர்வ் வங்கி கோடைக்காலப் பயிற்சிக்கு 125 பேர் வரை எடுத்து மாதம் 20,000 ரூபாய் தருகிறது என்று தெரிந்து துள்ளிக் குதித்தேன். அதற்கு விண்ணப்பிக்கும் காலம் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். எனக்குத் தெரிய வந்தது பிப்ரவரியில். அமெரிக்க வெள்ளை மாளிகையே 2022-ல்தான் தன் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது என்று பிற்பாடு படித்தேன். அதுவரை அங்கே உள்ளே போய் வந்தவர்கள் எப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்க ஆய்வு எதுவும் தேவையில்லை.

எனக்குக் கிடைத்தது சென்னையில் ஒரு சின்ன ஆய்வு நிறுவனம். பெயர் வேண்டாம், பின்னால் அவர்களைப் பற்றிக் கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன். அரசாங்கமோ தொண்டு நிறுவனமோ நடத்தும் திட்டங்கள் நினைத்த பலனைத் தருகின்றனவா என்று வீடு வீடாகப் போய் அளந்து பார்ப்பவர்கள். சான்றின் அடிப்படையில் கொள்கை வகுப்பது என்று பெரிய வார்த்தையில் சொல்வார்கள். சேர்ந்த இரண்டாம் நாள் டீக்கடையில் ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர்) அண்ணா ஒருவர் அதைப் பருப்பை வைத்து விளக்கினார்.

ராஜஸ்தானில் உதய்ப்பூர் மாவட்டம். குழந்தைகளுக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டு முடிப்பவர்கள் மிகக் குறைவு. 134 கிராமங்களை எடுத்துக்கொண்டு குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சில ஊர்களில் எதுவும் மாற்றவில்லை. சில ஊர்களில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் மாதம் தவறாமல் முகாம் நடத்தியது. இன்னும் சில ஊர்களில் முகாமோடு சேர்த்து, ஒவ்வொரு முறை ஊசிக்கு வரும்போதும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டு செட். முடிவில், ஒன்றும் மாறாத ஊர்களில் முழுசாக ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் 6 சதவீதம். முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18. பருப்பும் கொடுத்த ஊர்களில் 39. பருப்புக்குச் செலவு செய்தும் ஒரு குழந்தைக்கு ஆன செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, ஏனென்றால் நர்ஸ் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அந்த ஆய்வைச் செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இருந்தார்கள். 2019-ல் மைக்கேல் கிரெமரோடு சேர்த்து அவர்களுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

"பருப்பு குடுத்தா வருவாங்கன்னு எங்க ஆயாவே சொல்லிருக்கும்ணா" என்றேன்.

"சொல்லிருக்கும். ஆறு, பதினெட்டு, முப்பத்தொம்பதுன்னு சொல்லிருக்குமா?"

பதில் சொல்ல முடியவில்லை. டீ அவர் கணக்கில்.

முதல் பத்து நாள் அலுவலகத்தில் பழைய சர்வே ஒன்றின் தரவைச் சுத்தம் செய்தேன். ஸ்டேட்டா மென்பொருளை அதுவரை பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்திருந்தேன். குடும்பத்துக்குச் சராசரியாக எவ்வளவு நிலம் என்று கட்டளை அடித்தால் மைனஸ் 41 ஏக்கர் என்று வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்து முடித்த பிறகு சொன்னார்கள்: 'தெரியாது' என்ற பதிலுக்கு டேப்லெட்டில் மைனஸ் 999 என்று குறியீடு, 'சொல்ல மாட்டேன்' என்றால் மைனஸ் 888. அதை நீக்காமல் கூட்டினால் ஊரே மண்ணுக்குள் போய்விடும். இது சின்ன விஷயம். ஆனால் 'சொல்ல மாட்டேன்' என்பதற்கு ஒரு எண் இருக்கிறது என்பதை ஒரு முழு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அலுவலகப் புத்தக அலமாரியில் ஒரு பழைய ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங். கில்பர்ட் ஸ்லேட்டர் 1918-ல் தொகுத்து வெளியிட்ட தென்னிந்தியக் கிராம ஆய்வுகள். 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்தவர் அவர். வகுப்பில் சொல்லிக் கொடுக்க இந்த ஊர் விவரம் கையில் இல்லை என்று பார்த்தார். கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்து, மாணவர்களை அவர்களுக்குத் தெரிந்த கிராமங்களுக்கே அனுப்பினார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம், தூசி. தூசி எங்கள் மாவட்டம்தான்! நூறு வருஷத்துக்கு முன்னால் நம்மைப் போல ஒரு மாணவன் எங்கள் பக்கத்து ஊரில் நோட்டும் பேனாவுமாக நின்றிருக்கிறான் என்று தெரிந்ததும் உடம்பு சிலிர்த்தது. அதே பல்கலைக்கழகத்தின் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-37-ல் அதே கிராமங்களுக்குத் திரும்பப் போனார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-லும் போயிருக்கிறார்கள். ஒரே ஊரை இத்தனை தலைமுறை திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்த இடம் உலகத்தில் அதிகம் இருக்காது.

சிலிர்ப்பு அடங்கிய பிறகு வேறொன்று தோன்றியது. 1916-ல் மதராஸில் கல்லூரி வரை வந்தவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். சொந்த ஊருக்குப் போய் "உனக்கு எவ்வளவு கூலி?" என்று அவர்கள் யாரிடம் கேட்டிருப்பார்கள்? தங்கள் வீட்டுப் பண்ணையில் வேலை செய்தவரிடம். அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? ஸ்லேட்டர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் கேள்வி கேட்கப் போகிற ஆள் யார் என்பதும் பதிலின் ஒரு பகுதி என்று அன்றைக்குப் புரிந்தது. அதை அடுத்த வாரம் கண்ணாலேயே பார்த்தேன்.

களம் விழுப்புரம் மாவட்டத்தில். இருவேல்பட்டு போகும் பஸ் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டித்தான் போகும். ஒரு பெரிய சர்வேக்கு முன்னால் கேள்வித்தாளைச் சோதித்துப் பார்க்கும் பைலட் வேலை. சர்வேயர் அக்காக்கள் நாலு பேரோடு ஒரு வாடகை வீடு, தரையில் பாய். அக்னி நட்சத்திரம் என்பதால் காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுவோம். ஒன்பது மணிக்கு மேல் ஆட்கள் நூறு நாள் வேலைக்கோ கரும்புக் கொல்லைக்கோ போய்விடுவார்கள்.

கேள்வித்தாளின் முதல் கேள்வி சாதுவானது. இந்தக் குடும்பத்தில் எத்தனை பேர்? குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எல்லோரும் பின்பற்றும் விளக்கம். நானும் அப்படியே கேட்டேன்.

"ஒரே அடுப்புல சமைச்சு சாப்புடுறவங்க எத்தனை பேருங்க ஆயா?"

"எந்த அடுப்பு? கேஸா, வெறவா?"

"ரெண்டுல எதுல சமைப்பீங்க?"

"சோறு நான் வெறவுல ஆக்குவன். கொழம்பு மருமவ கேஸுல வெப்பா. டீத்தண்ணி அவ. சுடுதண்ணி நான்."

"அப்ப எல்லாரும் சேந்து ஒரே குடும்பந்தானே?"

ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கார்டு வேற வேற கண்ணு."

கார்டு என்றதும் உள்ளேயிருந்து மருமகள் வெளியே வந்தார். அந்த வருஷம் மார்ச் பட்ஜெட்டில்தான் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு செப்டம்பர் 15 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். தகுதி என்றால் என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. வருமானம் இரண்டரை லட்சம், நன்செய் 5 ஏக்கர், வருஷத்துக்கு 3,600 யூனிட் கரண்ட் என்ற வரம்பெல்லாம் ஜூலையில்தான் வந்தது. இடைப்பட்ட மூன்று மாசத்தில் அந்த ஊர்களில் டேப்லெட்டோடு நுழைந்த யாராக இருந்தாலும் அவர் ஆயிரம் ரூபாய்க்கு எழுத வந்தவர்தான். நாங்கள் தெருமுனையில் திரும்பும்போதே செய்தி முன்னால் போய்விடும். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் போர்வை போட்டு மூடி மேலே சாமிப் படம் வைத்திருந்தார்கள். வாசலில் நின்ற பைக் "மச்சானுது, பாக்க வந்தாரு." பத்து வீடு தள்ளிப் பார்த்தால் எல்லா வீட்டுக்கும் மச்சான் வந்திருந்தார்.

"நாங்க கவர்மெண்ட் இல்லீங்கம்மா, இது ஆராய்ச்சி. இதனால உங்களுக்கு எதுவும் வராது, எதுவும் போவாது." சம்மதப் படிவத்தில் உள்ளதை நான் இப்படித்தான் சொல்வேன். நேர்மையான வாக்கியம்தான். ஆனால் கேட்கிறவருக்கு அடுத்த கேள்வி உடனே வரும்: "அப்பறம் எதுக்கு வந்த?"

எந்த வீட்டுக்குப் போவது என்பது குலுக்கலில் முடிவானது என்று விளக்குவதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. தமிழில் சமவாய்ப்பு என்று கலைச்சொல் இருக்கிறது. தெருவில் நின்று அதைச் சொன்னால் வாய்ப்பு எங்கே என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டை விட்டுவிட்டு ஏன் இவள் வீட்டுக்கு மட்டும் வந்தாய் என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். என் கூட வந்த சர்வேயர் அக்கா அலட்டிக்கொள்ளாமல், "குலுக்குச் சீட்டு போடுறீங்கல்ல? இந்த மாசம் அவங்களுக்கு விழுந்துச்சுன்னா ஏன்னு கேப்பீங்களா?" என்றார். சண்டை நின்றுபோனது. ஒரு செமஸ்டர் பாடம் அது.

இந்த அக்காக்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். பத்து வருஷமாக ஊர் ஊராக இதே வேலை. தினக்கூலி மாதிரிதான் கணக்கு. ப்ராஜெக்ட் முடிந்தால் அடுத்த ப்ராஜெக்ட் வரும்வரை வீடு. இன்டர்ன்களுக்குச் சான்றிதழ் உண்டு. அவர்களுக்கு அதுவும் கிடையாது.

மூன்றாவது வாரத்தில்தான் அந்தச் சாப்பாட்டுக் கேள்வி வந்தது. 'கடந்த 30 நாட்களில் உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது ஒரு வேளை உணவைத் தவிர்த்தார்களா?' ஐ.நா. உணவு அமைப்பின் உணவுப் பாதுகாப்பின்மை அளவுகோலில் இந்த மாதிரி எட்டுக் கேள்விகள் உண்டு. உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். முதல் நாற்பது வீட்டின் பதில்களை ராத்திரி உட்கார்ந்து பார்த்தபோது தலைகீழாக இருந்தது. மெத்தை வீடுகள் இருக்கிற தெருவில் நிறைய 'ஆம்'. காலனித் தெருவில் அநேகமாக எல்லாம் 'இல்லை'. வசதியுள்ளவர்கள் பசியோடும் இல்லாதவர்கள் வயிறாரவும் இருக்கிறார்கள் என்று எங்கள் தரவு சொன்னது.

சென்னையிலிருந்து என்னோடு வந்த இன்னொரு இன்டர்ன், நல்ல புத்திசாலி, சர்வேயர்கள் பொத்தானை மாற்றி அழுத்துகிறார்களோ என்று சந்தேகப்பட்டான். எனக்குப் படித்ததும் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை. கிருத்திகை. அதோடு அந்தப் பக்கத்தில் கோடையில்தான் திரௌபதி அம்மன் தீமிதி. காப்புக் கட்டிக்கொண்டவர்கள் ஒரு வேளைதான் சாப்பிடுவார்கள். 'உணவைத் தவிர்த்தீர்களா' என்று கேட்டால் விரதத்தைத்தான் சொல்வார்கள், அதுவும் பெருமையோடு. மூலக் கேள்வியில் 'பணமோ வேறு வசதியோ இல்லாத காரணத்தால்' என்று ஒரு பகுதி உண்டு. தமிழில் வாக்கியம் நீளமாகிறது என்று மொழிபெயர்த்தவர் அதை வெட்டியிருந்தார்.

அதைத் திரும்பச் சேர்த்ததும் மெத்தை வீட்டு 'ஆம்'கள் மறைந்துபோயின. காலனித் தெரு 'இல்லை'கள் அப்படியே இருந்தன. காசில்லாமல் சாப்பிடாமல் இருந்தீர்களா என்று வாசலில் நின்று ஒரு சின்னப் பெண் கேட்டால், ஆமாம் என்று எந்தப் பெண்மணி சொல்வார்? கேட்கும்போதே என் நாக்கு கூசியது.

எங்கள் வீட்டில் பாவு வராத வாரங்கள் உண்டு. முதலாளியிடம் நூல் வரவில்லை என்றால் தறி சும்மா கிடக்கும். அந்த வாரக் கடைசியில் அம்மா சாப்பிட உட்கார மாட்டார். "நீ சாப்டியாம்மா?" என்று கேட்டால், "இப்பத்தான் டீ குடிச்சேன், பசிக்கல" என்பார். சின்ன வயசில் அம்மாவுக்கு டீ என்றால் அவ்வளவு பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவிடம் இந்த சர்வேயை எடுத்திருந்தால், எட்டுக் கேள்விக்கும் 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பார்.

இதை அலுவலகக் கூட்டத்தில் சொல்வதா வேண்டாமா என்று ரெண்டு நாள் தடுமாறினேன். கடைசியில் அம்மாவை விட்டுவிட்டு டீயை மட்டும் சொன்னேன். தவிர்த்தீர்களா என்று கேட்காமல், நேற்றுக் காலையிலிருந்து வீட்டில் யார் யார் எப்போது என்ன சாப்பிட்டார்கள் என்று ஆள் ஆளாகக் கேட்கலாம், கடைசியாகச் சாப்பிட்டது யார், அவர் சாப்பிட்டது என்ன என்று கேட்கலாம் என்றேன். ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம் கூடுதலாகிறது என்று முதலில் முகம் சுளித்தார்கள். அப்புறம் சோதித்துப் பார்த்தார்கள். அன்றைய பட்டியலில் 'டீ', 'டீ, பன்னு', 'நீராகாரம்' என்று வரிசையாக வந்தது. அவை வந்த இடமெல்லாம், குடும்பப் பட்டியலில் அம்மாக்களின் வரிசை எண்.

இங்கே நிறுத்தியிருந்தால் நான்தான் கதாநாயகி. நிறுத்த முடியாது, ஏனென்றால் அதற்கு அடுத்த வாரம் நான் மாட்டிக்கொண்டேன்.

சர்வேயில் பேக் செக் என்று ஒன்று உண்டு. எடுத்த வீடுகளில் பத்தில் ஒன்றை இன்னொரு ஆள் திரும்பப் போய்ச் சில கேள்விகளை மட்டும் மறுபடி கேட்பார். ரெண்டு பதிலும் ஒத்துவர வேண்டும். நான் எடுத்த வீடு ஒன்றில் கழிப்பறைக் கேள்வி ஒத்துவரவில்லை. 'இருக்கிறது, பயன்படுத்துவதில்லை' என்று நான் போட்டிருந்தேன். அந்த அம்மா 'தினமும் பயன்படுத்துகிறோம்' என்று சொல்லியிருந்தார். நடந்தது இதுதான்: வாசலில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த சின்னக் கழிப்பறை, உள்ளே கூரை வரைக்கும் விறகு. எங்கள் ஆயா வீட்டிலும் அப்படியே. எனக்குத் தெரியாததா என்று கேள்வியைக் கேட்காமலே பதிலைத் தட்டிவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் அவர்கள் சொந்தக் காசில் டைல்ஸ் ஒட்டிப் புதிதாக ஒன்று கட்டியிருந்தது எனக்குத் தெரியாது. அந்தச் சென்னைப் பையன் போயிருந்தால் ஒன்றும் தெரியாமல் கேட்டிருப்பான். சரியான பதில் வந்திருக்கும்.

சூப்பர்வைசர் அக்கா திட்டவில்லை. "நீ இந்த ஊர்ப் பொண்ணு மாதிரியே இரு, அது நல்லது. ஆனா கேள்வியக் கேளு" என்றார். அன்று ராத்திரி நான் எடுத்த மீதி வீடுகளையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். கேட்காமல் தட்டியது இன்னும் மூன்று இருந்தது. காலையில் சொல்லிவிட்டேன். மூன்று வீட்டுக்கும் திரும்ப நடந்தேன்.

இதையெல்லாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2014-லேயே ஜே-பால் என்ற ஆய்வு மையத்தோடு ஒப்பந்தம் போட்டு, திட்டங்களை இப்படி அளந்து பார்க்கத் தொடங்கிய மாநிலம். அங்கன்வாடியில் கூடுதலாக ஒரு ஊழியரை அரை நாள் வேலைக்கு வைத்தால் என்ன ஆகும் என்று 320 மையங்களில் பார்த்தார்கள். குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நேரம் இரண்டு மடங்கானது, கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி கூடியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாசத்தில் திரும்பி வந்தது, அதில் ஏறக்குறைய கால் பங்கு, பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்பது தெரிந்ததும் இப்படித்தான். கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு அது. கார்த்திக் முரளிதரன் போன்ற பொருளாதார அறிஞர்களின் பெயர் கட்டுரையில் இருக்கும், இருக்க வேண்டியதும்தான். ஆனால் இப்படிப்பட்ட ஒவ்வொரு தசமப் புள்ளிக்கும் அடியில் யாரோ ஒருவர் வெயிலில் ஒரு வாசலில் நின்று, கேட்டோ கேட்காமலோ, ஒரு பொத்தானைத் தட்டியிருக்கிறார். ரெண்டு மாசம் சம்பளமில்லாமல் தாக்குப்பிடிக்கக்கூடிய வீட்டிலிருந்து மட்டும் ஆட்கள் வந்தால், டீயை டீ என்றே எழுதிக்கொண்டு போவார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். சம்பளம் உண்டு என்பது ஒன்று; என்றைக்கு வரும் என்பது இன்னொன்று. எனக்கு முதல் மாதச் சம்பளம் வந்தது சேர்ந்த 47-வது நாள். ஏதோ படிவத்தில் ஏதோ கையெழுத்து. அதுவரை சென்னையில் ஹாஸ்டல் வாடகை, களத்தில் சாப்பாடு, ஷேர் ஆட்டோ எல்லாம் கைக்காசு. 'செலவு செய்துவிட்டு பில் அனுப்புங்கள், திருப்பித் தருவோம்' என்பது நல்ல ஏற்பாடுதான், முதலில் செலவு செய்ய இருப்பவர்களுக்கு. ஷேர் ஆட்டோக்காரர் பில் கொடுப்பாரா? டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லா டிக்கெட் கொடுப்பார்கள் இல்லையா, கோபத்தில் அதையும் ஒட்டி அனுப்பினேன், பூஜ்யம் ரூபாய்க்கு. கணக்குப் பிரிவிலிருந்து யாரும் சிரிக்கவில்லை. அப்பா தன் சேலைக் கூலியில் முதலாளியிடம் ஐயாயிரம் அட்வான்ஸ் வாங்கி எனக்கு அனுப்பினார். ஆக, சம்பளம் தரும் இன்டர்ன்ஷிப்புக்கு முதல் போட்டது என் அப்பாவின் தறி.

அதனால் ஃபோன் பண்ணுகிறவர்களுக்கு நான் சொல்வது: எவ்வளவு என்று கேட்பதோடு, எந்தத் தேதி என்றும் கேள். பயணப் பணம் முன்பணமாகத் தருவார்களா என்று கேள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்படாதே. நானும் கேட்காமல் இருந்து கெட்டேன். அக்டோபரிலேயே தேடு. எக்செல் நன்றாகத் தெரிந்திருந்தால் போதும், ஸ்டேட்டா பத்து நாளில் வந்துவிடும். விண்ணப்பக் கடிதத்தில் 'சமூக மாற்றத்தில் ஆர்வம்' என்று எழுதாதே, எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். உன் ஊரில் ஒரு திட்டம் எப்படி நடக்கிறது, ரேஷன் கடையில் வியாழக்கிழமை என்ன ஆகிறது என்று பத்து வரி எழுது. தமிழில் ஒரு கேள்வியை ஆயாவுக்குப் புரிகிற மாதிரி எழுதத் தெரியும் என்றால் அதையும் போடு. பயோடேட்டாவில் அதற்கென்று கட்டம் இருக்காது, நீயே ஒன்று போட்டுக்கொள்.

களத்தில் கடைசி நாள். ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அந்த அக்காவுக்கு என் அம்மா வயசு இருக்கும். கேள்விக்குக் கேள்வி பொறுமையாக யோசித்துப் பதில் சொன்னார். முடித்ததும் பையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். பதில் சொல்பவர்களுக்கு நிறுவனம் தரும் அன்பளிப்பு. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உனக்கு இதுக்கு எவ்ளோம்மா குடுக்குறாங்க?"

பொய் சொல்ல வரவில்லை. "மாசம் பன்னெண்டாயிரம்கா."

"பரவால்ல. படிக்கிற புள்ளைக்கு நல்ல காசுதான்." கொஞ்சம் நிறுத்தி, "நான் இன்னிக்கி நூறு நாள் வேலைக்குப் போவல. அட்டெண்டன்ஸ் எடுத்துருப்பாங்க இந்நேரம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நேரம் ஆகிவிட்டதே என்கிற குரல்தான்.

அந்த வருஷம் நூறு நாள் வேலைக்கு அரசு நிர்ணயித்த கூலி 294 ரூபாய். டம்ளர் என்ன விலை என்று எனக்குத் தெரியும், பில்லை ஒட்டியது நான்தான்.

டேப்லெட்டில் கடைசித் திரை, 'சர்வேயர் குறிப்பு ஏதேனும்'. பெரும்பாலும் காலியாக விட்டுவிடுவோம். அன்று அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே அடித்தேன், போவல என்ற சொல் உட்பட. சேமி என்று அழுத்தியபோது சிக்னல் இல்லை; மெயின் ரோடுக்கு வந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது.